பிரசவத்துக்கு எவ்வளவு தூரம்?

ரெண்டு மாசமா எபிசோடு எதுவும் வரல, எங்க போனீங்கன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அதுக்கான காரணம் இப்போ பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருக்கா. ஆமா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா.

வழக்கமா பெங்களூருல இருந்து ரெக்கார்ட் பண்ணுவேன். இன்னைக்கு காரிமங்கலத்துல, எங்க அம்மா வீட்டு மாடியில இருந்து பேசுறேன். செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். வண்டிச் சத்தம், மாட்டுச் சத்தம் எல்லாம் உள்ள வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

வளைகாப்பு முடிஞ்சதும், எல்லாரையும் போல முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு வலி ஆரம்பிச்சுது. அப்பா 108-க்கு போன் பண்ணார். வண்டி வந்து, ஹைவேஸ் ஏறி, தருமபுரி போய்ச் சேர்ந்தோம். மொத்தமா ஒரு மணி நேரத்துக்குள்ள லேபர் வார்டுல இருந்தேன். ஆனா எனக்கு அந்த ஒரு மணி நேரமே பெரிய கதை. குழந்தை பொறந்த மறுநாள், பக்கத்து பெட்ல இருந்த பொண்ணுகிட்ட அதை விலாவாரியா சொல்லிட்டு இருந்தேன். இருட்டு, வலி, ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் விடாம சொன்னேன்.

அவங்க பொறுமையா கேட்டுட்டு, "நான் பதினெட்டு நாளா கீழ இருந்தேன்க்கா"ன்னு சொன்னாங்க.

எனக்குப் புரியல. கீழன்னா எங்க?

அவங்க ஊர் பென்னாகரம் பக்கம் ஒரு மலை மேல இருக்கு. எந்த ஊர்னு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அங்க இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரி, ரேஷன், பேங்க், பஸ் ஸ்டாண்டு எல்லாமே "கீழ"தான். மலையில இருந்து இறங்க ஒத்தையடிப் பாதை. மழை பேஞ்சா அதுவும் வழுக்கும்.

அவங்களுக்கு இது ரெண்டாவது குழந்தை. முதல் குழந்தைக்கு வலி வந்தப்போ, மூங்கில் கழியில போர்வையைத் தூளி மாதிரி கட்டி, நாலு ஆம்பளைங்க மாத்தி மாத்தித் தூக்கிட்டு இறங்கியிருக்காங்க. ரோட்டுக்கு வந்தப்புறம்தான் ஆம்புலன்ஸ். "வலிய விட, எங்க கை வழுக்கி என்னக் கீழ போட்டுருவாங்களோன்னுதான் பயம்"னாங்க.

அதனால இந்தத் தடவை நர்சம்மா முன்னாடியே சொல்லிட்டாங்களாம், ஒன்பதாவது மாசம் பொறந்ததும் கீழ வந்துடுன்னு. அவங்களும் வந்துட்டாங்க. அடிவாரத்துல வீட்டுக்காரரோட சொந்தக்காரங்க வீடு. மூத்த பையனுக்கு நாலு வயசு, மாமியார்கிட்ட மலையிலயே விட்டுட்டு வந்தாங்க. வீட்டுக்காரர் ரெண்டு நாள் இருந்துட்டு வேலைக்குத் திரும்பிட்டார்.

"அவங்க வூட்ல சும்மா உக்காந்து சாப்பிட முடியுமாக்கா? பாத்திரம் கழுவுனேன், தண்ணி எடுத்தேன். சிக்னல் கிடைச்சா பையன்கிட்ட பேசுவேன். மூணாவது நாள்ல இருந்து அவன் போன்கிட்டயே வரல. கோவம்."

நான் அதுக்கப்புறம் என்னோட ஆம்புலன்ஸ் கதையைத் தொடரவே இல்ல.

கழுதை ஏறுன ஊரு

தருமபுரி மாவட்டம்னா உங்கள்ல பலருக்கு ஒகேனக்கல் தெரியும். சேலத்துல இருந்து பெங்களூரு போற வழின்னு தெரியும். ஹைவேயை விட்டுக் கொஞ்சம் விலகுனா வேற மாவட்டம் ஒண்ணு இருக்கு. அரூர் பக்கம் சித்தேரி மலை. அங்க "மலையாளி"ன்னு சொல்லப்படுற பழங்குடி மக்கள் வாழறாங்க. கேரளாவோட குழப்பிக்காதீங்க, இவங்க தமிழ் பேசுற மலைவாழ் மக்கள். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை. தேர்தல் நேரத்துல அந்த ஊர் போட்டோவைப் பார்த்திருப்பீங்க. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் அங்க கழுதை முதுகுலதான் போச்சு.

அந்த போட்டோவை நானும் ஷேர் பண்ணியிருக்கேன், நம்ம ஜனநாயகத்தைப் பாருங்கன்னு பெருமையா. ஓட்டு மெஷின் கழுதையில ஏறுதுன்னா, அதே பாதையில ஒரு நிறைமாத கர்ப்பிணி எப்படி இறங்குவாங்கன்னு அப்போ ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

மூணு தாமதம்

1994-ல செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதுனாங்க. பிரசவத்துல பெண்கள் ஏன் இறக்கறாங்கங்கற கேள்விக்கு அவங்க சொன்ன பதில் ரொம்ப எளிமையானது. மூணு இடத்துல தாமதம் ஆகுது. முதல் தாமதம், ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு முடிவெடுக்கறதுல. ரெண்டாவது, போய்ச் சேர்றதுல. மூணாவது, போன இடத்துல சிகிச்சை கிடைக்கறதுல.

இதுல ஏன் நேரம் இவ்வளவு முக்கியம்? குழந்தை பொறந்தப்புறம் தாய்க்கு அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டு, சிகிச்சையும் கிடைக்கலன்னா, ரெண்டு மணி நேரத்துலயே கூட உயிர் போகலாம். அதுவரைக்கும் எல்லாம் நல்லாப் போயிட்டு இருந்த பிரசவத்துலயும் இது நடக்கலாம். யாருக்கு நடக்கும்னு முன்கூட்டியே உறுதியாச் சொல்ல முடியாது.

தமிழ்நாடு இந்த மூணு தாமதத்தையும் குறைக்க நிறைய பண்ணியிருக்கு. அதை மறைக்க வேண்டியதில்ல. கர்ப்பம்னு தெரிஞ்சதும் கிராம சுகாதார செவிலியர்கிட்ட பதிவு பண்ணி, பிக்மி நம்பர் வாங்குறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல, 2018-ல இருந்து, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் உதவி. 108 ஆம்புலன்ஸ் 2008-ல வந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 99.6 சதவீதம் பிரசவம் மருத்துவமனையில நடக்குது. 2018-20 கணக்குல, ஒரு லட்சம் பிரசவத்துக்கு தாய் இறப்பு இந்தியாவுல 97, தமிழ்நாட்டுல 54.

என் பக்கத்து பெட் பொண்ணும் அந்த 99.6-ல ஒருத்தர். கணக்குல அவங்களும் நானும் ஒண்ணுதான். எனக்கு ஆனது ஒரு மணி நேரம், அவங்களுக்கு ஆனது பதினெட்டு நாள். அதைக் குறிக்கறதுக்கு எந்த ஃபார்ம்லயும் கட்டம் இல்ல.

பனிப் பிரதேசத்துல என்ன பண்றாங்க?

ராத்திரி குழந்தைக்குப் பால் குடுக்கறப்போ தூக்கம் வராம, போன்ல இதைப் பத்தித் தேடிப் படிச்சுட்டு இருந்தேன். அப்படித்தான் கனடாவோட வடகோடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நுனாவுட்னு ஒரு பகுதி. ஆர்க்டிக் பனிப் பிரதேசம். மொத்தமே 25 ஊர், ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் ரோடே கிடையாது. விமானம்தான், கோடையில சரக்குக் கப்பல் வரும். அங்க வாழற இனுவிட் பெண்கள் பலர், முப்பத்தாறு முப்பத்தேழு வாரம் ஆனதும் விமானம் ஏறி, இக்காலுயிட், ஒட்டாவா, வின்னிபெக் மாதிரி நகரங்களுக்குப் போய் வாரக்கணக்கா காத்திருக்கணும். வேற மொழி, வேற சாப்பாடு. மூத்த குழந்தைங்க ஊர்ல.

படிக்கும்போது எனக்கு பென்னாகரம் அடிவாரம்தான் ஞாபகம் வந்தது.

ஆனா அங்க இன்னொரு கதையும் இருக்கு. கியூபெக் மாகாணத்தோட வடக்குல, ஹட்சன் விரிகுடா கரையில புவிர்னிடுக்னு ஒரு ஊர். அங்க இருந்த பெண்கள், எங்க பிள்ளைங்க எங்க ஊர்லயே பொறக்கணும்னு கேட்டாங்க. 1986-ல அந்த ஊர்லயே ஒரு பிரசவ மையம் திறந்தாங்க. உள்ளூர் இனுவிட் பெண்களையே மருத்துவச்சிகளாப் பயிற்சி குடுத்து எடுத்தாங்க. பிறகு பக்கத்து ஊர்களுக்கும் அது பரவுச்சு.

அங்க சிசேரியன் பண்ற வசதி கிடையாது. அப்போ ஆபத்து இல்லையா? இருக்கு. அதனால ஒவ்வொரு கர்ப்பிணியைப் பத்தியும் மருத்துவச்சி, டாக்டர், நர்ஸ் எல்லாரும் கூடிப் பேசி, இவங்க இங்கயே பெத்துக்கலாம், இவங்க நகரத்துக்குப் போகணும்னு முன்னாடியே முடிவு பண்றாங்க. போக வேண்டியவங்க போறாங்க. பெரும்பாலானவங்க சொந்த ஊர்லயே, சொந்த பாஷையில பேசுற மருத்துவச்சி கையில பெத்துக்கறாங்க.

2017-ல இன்னொண்ணும் நடந்தது. பிரசவத்துக்காக ஊரை விட்டுப் போற பழங்குடிப் பெண்களோட ஒருத்தர் துணைக்குப் போகவும் செலவைக் குடுக்கறோம்னு கனடா மத்திய அரசு அறிவிச்சுது. அதுவரைக்கும் பல பெண்கள் தனியாத்தான் போய்ப் பெத்துட்டு வந்திருக்காங்க.

இது வீட்டுப் பிரசவத்துக்கு வக்காலத்து இல்ல

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். வீட்டுப் பிரசவம்தான் இயற்கை, ஆஸ்பத்திரியே வேண்டாம்னு சிட்டியில சிலர் பேசறதைக் கேட்டிருப்பீங்க. 2018-ல திருப்பூர்ல யூடியூப் பார்த்து வீட்டுலயே பிரசவம் பார்க்க முயற்சி பண்ணதுல ஒரு பெண் இறந்த செய்தி நம்ம எல்லாருக்கும் தெரியும். புவிர்னிடுக்ல நடக்கறது அது இல்ல. அங்க பயிற்சி இருக்கு, மருந்து இருக்கு, யாரை எப்போ அனுப்பணும்ங்கற திட்டம் இருக்கு.

ஒருமுறை வார்டுல அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன், "மலையிலயே பெத்துக்கணும்னு தோணுச்சாம்மா?"ன்னு. என்னை விசித்திரமாப் பார்த்தாங்க. "எதுக்குக்கா? எங்க பெரியம்மா அங்கதான் செத்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வரணும். ஆனா வந்தா என் பையனையும் கூட்டியாற மாதிரி ஒரு ரூம் இருந்தா போதும்."

அவங்க கேட்டது அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஏற்பாடு நம்ம ஊர்ல இல்லாமலும் இல்ல. பழங்குடி மக்கள் வாழற மலைப்பகுதிகள்ல சில ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கு. கர்ப்பிணி முன்னாடியே வந்து தங்கிக்கலாம். நல்ல யோசனை. ஆனா அந்த அறை எந்த மலைக்குப் பக்கத்துல இருக்கு, அதுல துணைக்கு வர்றவங்களுக்கு இடம் இருக்கா, நாலு வயசுக் குழந்தைக்கு இடம் இருக்கா, அந்த நாள்ல வீட்டுக்காரரோட கூலி போச்சுன்னா என்னங்கறதெல்லாம்தான், ஒரு பெண் அங்க வருவாங்களா மாட்டாங்களான்னு முடிவு பண்ணுது.

தூரம்ங்கறது எப்படியும் ஒரு செலவு. ரோடு போட்டா அந்தச் செலவை அரசாங்கம் ஏத்துக்குது. துணையோட தங்க ரூம் குடுத்தாலும், மலையிலயே ஒரு செவிலியரைத் தங்க வெச்சாலும் அரசாங்கம் ஏத்துக்குது. எதுவுமே இல்லன்னா, அந்தச் செலவு முழுக்க ஒரு நிறைமாத கர்ப்பிணி தலையில விழுது. அவங்க சமாளிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா, நாம அதை வெற்றிக் கணக்குல சேர்த்துடறோம். வந்துட்டாங்களான்னு மட்டும் கேட்கறது பத்தாது. எப்படி வந்தாங்க, எத்தனை நாள் காத்திருந்தாங்க, யாரை விட்டுட்டு வந்தாங்க, இதையும் கேட்கணும்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் டிஸ்சார்ஜ். அவங்களுக்கும் பொண்ணுதான். வீட்டுல கொண்டுபோய் விடறதுக்கு 102 வண்டி இலவசமா வரும். எனக்கு எங்க வாசல் வரைக்கும் வந்தது. அவங்களுக்கு ரோடு இருக்கற வரைக்கும். அதுக்கு மேல, பொறந்து நாலே நாள் ஆன குழந்தையை மார்போட அணைச்சுக்கிட்டு நடந்து ஏறியிருக்காங்க.

பத்து நாள் கழிச்சு அவங்க வீட்டுக்காரர் போன்ல இருந்து கூப்பிட்டாங்க. பையன் முதல் நாள் பக்கத்துலயே வரலையாம், கதவு பின்னாடி நின்னுட்டு இருந்தானாம். மறுநாள் காலையில வந்து பாப்பா காலைத் தொட்டுப் பார்த்துட்டு, "இதுக்காகவா போன?"ன்னு கேட்டானாம். சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் சிக்னல் போயிடுச்சு.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ கேளுங்க: நான் எங்க பொறந்தேன், அங்க எப்படிப் போனீங்க, எவ்வளவு நேரம் ஆச்சு, கூட யார் இருந்தாங்க? நான் எங்க பாட்டிகிட்ட கேட்டேன். மாட்டு வண்டியில பாலக்கோடு போனதைச் சொல்ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் நிறுத்தவே இல்ல. இதுவரைக்கும் யாருமே அவங்களைக் கேட்டதில்லையாம். உங்க வீட்டுக் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்த்துக் கேட்போம்.

எங்க வீட்டு அம்மணி எழுந்துட்டாங்க. சத்தம் கேட்குதில்ல? வர்றேன் மக்களே.