ஏரி வாரியமும் எம் வீதியும்



பருவநிலை மாற்றம் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அதனை மல்லேஸ்வரத்துக் குழாயடியிலிருந்தே தொடங்குகிறோம். 2022 செப்டம்பரில் இந்நகரின் கிழக்குப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. 2024 மார்ச்சிலோ, சுமார் 14,000 அரசாங்க ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டது. வெப்பமுற்ற காற்று நீராவியை மிகுதியாக ஏந்துவதால் மழை பெருமழையாகிறது. இடையே நிலமும் விரைந்து காய்கிறது. இவ்விரண்டையும் தாங்கவல்ல ஏரிகளையோ நாம் தூர்த்துவிட்டோம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. 1882-இல் கட்டப்பெற்ற நம் சாங்கி ஏரி தப்பியது நம் நற்பேறு.

நிற்க. ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்றொரு குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுத்ததை உத்திரமேரூரின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. நிலமும் கல்வியும் உடையாரே அதில் இடம்பெற்றனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஏரி ஊரார் பொறுப்பு என்னும் எண்ணம் நிலைத்தது. குடிமராமத்து நாளில் வீட்டுக்கொருவர் மண்வெட்டியுடன் சென்று தூரெடுத்தனர். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி செய்த பங்கீட்டைக் கன்னட நாட்டில் நீருகண்டி செய்தார்.

2024 வேனிலில் லாரித் தண்ணீருக்காக யாமே அண்டை வீட்டாருடன் சொல்லாடினோம். வெட்கத்துடனேயே இதனைக் கூறுகிறோம். காவிரி வழக்கைப் படித்துச் சினம் கொள்ளும் நாம் நாள்தோறும் அருந்துவதும், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றப்படும் அதே காவிரி நீரன்றோ! அவ்வேனிலில் தம் பழங்கிணற்றை வீதியாருக்குத் திறந்துவிட்டவர் எம் எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர். குடமேந்தி நின்ற வரிசையில் எவரையும் எம்மொழியினர் என்று அவர் வினவவில்லை.

60-க்கு 40 அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் மழைநீர்ச் சேமிப்பு 2009-இலேயே இந்நகரில் சட்டமாயிற்று. 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் கிட்டும். நம் வீடுகள் பலவற்றிலும் தொட்டி உண்டு. ஆனால் குழாய் வாயைச் சருகு அடைத்துக் கிடக்கிறது.

ஆடிப்பெருக்கன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்ல நாம் எவரும் மறப்பதில்லை. மழை தொடங்குமுன், வரும் மே மாதத்து இரண்டு ஞாயிறுகளில் வீட்டுக்கொருவர் ஏணியும் துடைப்பமுமாக வருமாறு வேண்டுகிறோம். முதலில் எம் வீட்டு மாடி. அடுத்தது எதிர்வீட்டுப் பெரியவருடையது. அவரிடம் கேட்டாயிற்று; காப்பி தம் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டார்.