அஞ்சு வாங்கினா ஆறு

(‘நகரத்துக்குத் தெருவோரக் கடைகள் இடைஞ்சலே! உயிர்நாடியே!’ பட்டிமன்றத்தில், ‘உயிர்நாடியே’ அணியில் பேசியது)



எதிரணித் தோழர், “வெளிநாட்டைப் பாருங்க, சிங்கப்பூரைப் பாருங்க, தெருவுல ஒரு கடை உண்டா?”ன்னு கேட்டார். ஐயா, வெளிநாடுன்னா சிங்கப்பூர் மட்டும்தானா? மணிலாவும் வெளிநாடுதான். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரம். 2018இல் ஒரு வாரம் அங்கே இருந்தேன். பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்கு, வேணும்னா காட்டறேன். (சிரிப்பு)

காலையில என்னை எழுப்பினது அலாரம் இல்லை. “தஹோஓஓ”ன்னு ஒரு குரல். எட்டிப் பார்த்தா, தோள்ல ஒரு கம்பு, ரெண்டு முனையிலும் அலுமினிய வாளி, நம்ம காவடி மாதிரி. ஒண்ணுல ஆவி பறக்கிற, சோயாப் பாலை உறைய வச்ச பண்டம். இன்னொண்ணுல சர்க்கரைப் பாகும் ஜவ்வரிசியும். அந்தச் சுமையோட தெருத் தெருவா நடை.

சாயங்காலம் கரியடுப்பு. பேரைக் கேளுங்க நடுவர் அவர்களே! கோழிக்கால், அதுக்குப் பேர் அடிடாஸ். பன்றிக் காது, வாக்மேன். உறைஞ்ச ரத்தத்தைச் சதுரமா வெட்டிக் குச்சியில குத்தினா பீட்டாமேக்ஸ், பழைய வீடியோ கேசட் மாதிரி இருக்காம். கோழித்தலை? ஹெல்மெட்! (பலத்த சிரிப்பு) அடிடாஸைக் கடிச்சுச் சாப்பிட்ட ஒரே தமிழாசிரியர் நானாத்தான் இருப்பேன்.

சிரிச்சிட்டோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, கோழியில சதை எங்கே போச்சு? அது காசு உள்ளவன் தட்டுக்குப் போயிடுச்சு. காலும் தலையும் குடலும்தான் தெருவுக்கு வருது. குடலுக்கு அங்கே இசாவ்னு பேரு. உள்ளே வெளியே திருப்பி, தண்ணி மாத்தி மாத்திக் கழுவி, வேகவச்சு, அப்புறம்தான் குச்சியில கோத்துச் சுடணும். “சுத்தம் இல்லை”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்களே! சில இடத்துல சுத்தம் குறைவுதான், ஒத்துக்கறேன். குழாயே இல்லாத தெருவுல அவன் எங்கே போய்க் கை கழுவுவான்?

ராத்திரி பலூட். வாத்து முட்டையை ரெண்டு வாரத்துக்கு மேல அடைகாக்க வச்சு, உள்ளே குஞ்சு உருவானப்புறம் அவிக்கிறது. பாடேரோஸ்ங்கிற ஊர் இதுக்குப் பேர் போனது. கூடையில துணி சுத்திச் சூடா வச்சுக்கிட்டு, ஊர் அடங்கினப்புறம் கூவிக்கிட்டு வருவாங்க. நான் உப்பை மட்டும் தொட்டு நக்கிட்டு வந்துட்டேன். (சிரிப்பு)

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மீன் உருண்டை விக்கிற ஒரு தள்ளுவண்டிக்குப் போனேன். வண்டிக்கார அம்மா என்னைப் பார்த்ததும் முகம் செத்துப் போச்சு. எனக்குப் புரியலை. கூட வந்தவர்தான் சொன்னார்: “தவணை வாங்க வந்த ஆள்னு நினைச்சிட்டாங்க.”

அங்கே ‘பைவ்-சிக்ஸ்’னு ஒரு கடன். அஞ்சு வாங்கினா ஆறு தரணும். அதைக் கொடுக்கிறவங்கள்ல நிறைய பேர் மோட்டார் சைக்கிள்ல வர்ற நம்ம பஞ்சாப்காரங்க. இந்தியர்னாலே அங்கே ‘பும்பாய்’தான். 5,000 பெசோ வாங்கினா 6,000. நாளுக்கு 100 வீதம் 60 நாள்னு வச்சுக்குங்க. மழை பெஞ்சாலும் 100, காய்ச்சல் வந்தாலும் 100. நம்ம ஊர்த் தண்டலேதான்! இதை ஒழிக்கணும்னு 2017இல் அந்த அரசாங்கம் ‘பி3’ன்னு ஒரு கடன் திட்டம் கொண்டு வந்தது. அடமானம் கிடையாது, மாச வட்டி 2.5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. இடைஞ்சலுக்கா ஐயா அரசாங்கம் கடன் கொடுக்கும்? (கைதட்டல்)

2019 ஜூலையில, புதுசாப் பதவியேத்த மணிலா மேயர் இஸ்கோ மொரேனோ, திவிசோரியா சந்தைத் தெருக்கள்ல இருந்த கடைகளை அகற்றினார். ஜனங்க பாராட்டினாங்க. வண்டியே நுழைய முடியாத தெருவுல வழி கிடைச்சுதே, பாராட்ட மாட்டாங்களா? நான் அவரைக் குத்தம் சொல்ல வரலை. தோண்டோ குடிசைப் பகுதியில வளர்ந்து, சின்ன வயசுல குப்பை பொறுக்கினவர் அவர்.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, முடிச்சுக்கறேன். எதிரணியிடம் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அன்னிக்குக் காலையில தெரு சுத்தமாச்சு, சரி. சாயங்காலம் மோட்டார் சைக்கிள்ல வர்றவருக்கு அந்த 100 பெசோவை யார் கொடுக்கிறது? பதில் சொல்லிட்டு அப்புறம் சிங்கப்பூரைப் பத்திப் பேசுங்க. (கைதட்டல்)