சிவப்புச் சதுரமும் நான்கு எழுத்தும்

(தொடர்கல்வி மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று நாம் ஒரு பொம்மைப் பெட்டியைப் படிக்கப் போகிறோம். பெட்டியைப் போய் படிப்பதா என்று கேட்பீர்கள். ஆமாம், பெட்டியையும் படிக்க வேண்டும்.

எழுத்துத் தெரியாத காலத்திலும் நம் ஆட்கள் கடைக்குப் போனார்கள். படத்தைப் பார்த்துத் தீப்பெட்டி வாங்கினார்கள். உறையின் நிறத்தைச் சொல்லி சோப்பு கேட்டார்கள். நிறமும் வடிவமும்தான் அவர்களுக்கு எழுத்து. இது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஆளுக்கொரு சின்னம் வைத்திருக்கிறார்கள். அதை 'லோகோ' என்கிறார்கள்.

'லெகோ' என்ற பொம்மையின் சின்னத்தைப் பார்ப்போம். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934-ல் 'லெகோ' என்று பெயர் வைத்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது. ஒன்றோடு ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள்தான் பின்னால் உலகமெங்கும் பேர் வாங்கின.

அதன் சின்னம் ஒரு சிவப்புச் சதுரம். நடுவில் உருண்டையான வெள்ளை எழுத்துகள். அவற்றைச் சுற்றிக் கறுப்புக் கோடு. அதற்கும் வெளியே மஞ்சள் கோடு. 1973-ல் இந்த அமைப்பு வந்தது. 1998-ல் சிறிது திருத்தினார்கள். சிவப்பும் மஞ்சளும் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். கறுப்புக் கோடு இருப்பதால் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். பேச்சு வராத பிள்ளைகூடக் கை நீட்டும்.

ஆனால் நிறத்தை யாரும் காப்பி அடிக்கலாம். சீனாவில் 'லெபின்' என்ற பெயரில் அதே சாயலில் பெட்டிகள் விற்றார்கள். 2019-ல் ஷாங்காய் போலீசார் அந்தத் தொழிற்கூடங்களைச் சோதனை போட்டார்கள். 2020-ல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் எழுதினால் முதல் இரண்டு எழுத்தும் ஒன்றுதான். மூன்றாவது எழுத்தில்தான் குட்டு வெளிப்படும்.

எனவே அந்த நான்கு எழுத்தையும் பழகுவோம். 'எல்': நிற்கும் கோடு, கீழே காலை நீட்டியிருக்கும். 'ஈ': சீப்பைப் போல மூன்று பல். 'ஜி': வாய் திறந்த வளையம், உள்ளே சிறு மடிப்பு. 'ஓ': முழு வளையல். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வடிவம் பிடிபடும்.

இதைவிட முக்கியமான சின்னம் ஒன்று உண்டு. அது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்த முத்திரை கட்டாயம். கைவினைஞராகப் பதிவு செய்தவர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.

முத்திரை எதற்கு? மட்டமான சாயத்தில் ஈயம் இருக்கலாம். பிள்ளை பொம்மையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சிறு துண்டு கழன்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து. வட்டத்துக்குள் குழந்தை முகம், பக்கத்தில் 0-3, குறுக்கே ஒரு கோடு என்று படம் இருந்தால், மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

முத்திரையின் கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண் உண்மையானதா என்று 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது முதலில் நிறத்தைப் பாருங்கள். பிறகு எழுத்தை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கடைசியாக முத்திரையைத் தேடுங்கள். மூன்றும் சரியாக இருந்த பிறகு காசை எடுங்கள்.

நாளை வரும்போது ஆளுக்கொரு காலிப் பெட்டி கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.