மழை நாளில் அடித்தளம்

பேவர் பிளாக் தளம் ஆங்காங்கே உள்வாங்கினால் பழி கல்லின் மேல் விழுகிறது. பெரும்பாலும் குறை கல்லுக்கு அடியில்தான்: அடித்தளம் சரியாக இறுகியிருக்காது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் குறை எளிதில் நேர்ந்துவிடும்.

அடித்தளம் இறுகத் தண்ணீரும் வேண்டும். கிராவலிலும் ஜல்லிக் கலவையிலும் உள்ள துகள்கள் வழுக்கி நெருங்கி அமர்வதற்குச் சிறிது ஈரம் உதவுகிறது. அளவு மீறினால், துகள் அமர வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். காற்றை நசுக்கி வெளியேற்றலாம்; தண்ணீரை நசுக்க முடியாது. எந்த ஈரத்தில் மண் மிக நன்றாக இறுகும் என்று கண்டறியும் சோதனையை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அணைப் பணியில் இருந்த பொறியாளர் பிராக்டர் 1933-இல் வெளியிட்டார். சாலைப் பணியில் இன்று கேட்கப்படும் 98 சதவீத இறுக்கம், அந்தச் சோதனையின் வழிவந்த கணக்கே.

களத்தில் பதம் பார்க்கக் கையே போதும். ஒரு பிடி கிராவலை இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டு மாவுக்குப் பார்க்கும் அதே பதம். விரலிடுக்கில் சேறு பிதுங்கினால் அன்று ரோலரை எடுக்கக் கூடாது. எடுத்தால், சக்கரத்துக்கு முன்னால் தரை மெத்தைபோல எழும்பும், பின்னால் தாழும். அதிர்வைக் கூட்டினாலாவது இறுகும் என்று நினைப்பது தவறு. அதிர்வு அடியிலுள்ள தண்ணீரை மேலே இழுத்து, நல்ல மண்ணையும் களியாக்கிவிடும்.

சேற்றின் மேல் ஜல்லியைக் கொட்டி மூடுவது அதைவிடக் கேடு. ஜல்லி புதையும், களிமண் அதன் சந்துகளில் ஏறும். இந்தத் தொழிலில் இவ்வளவு வீணான செலவு வேறில்லை. சேற்றை வழித்தெடுத்து, கெட்டி மண் தெரிந்தபின் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து ஜல்லி போடுவதே முறை. காயவிட நேரமில்லாத களிமண்ணில் சுட்ட சுண்ணாம்பைக் கலந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அன்றைக்கே மூட முடிந்த அளவுக்கு மட்டும் தோண்ட வேண்டும். பிளேட் கம்பாக்டர் ஓட்டுவதானால் ஓர் அடுக்கு 10 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மாலையில் மேகம் திரண்டால், கொட்டிய கலவையைத் தளர்வாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் சரிவு கொடுத்துப் பரப்பி, அதிர்வில்லாமல் உருட்டி மேற்பரப்பை மூடிவிட்டால், மழைநீர் பெரும்பாலும் மேலோடு ஓடிவிடும். மீதிக் குவியலைத் தார்ப்பாயால் மூட வேண்டும்.

கல்லுக்கு நேர் கீழே வரும் மணல் படுக்கை 2 முதல் 4 சென்டிமீட்டர் கனம். மழையில் ஊறிய மணல்மேல் கல்லைப் பதித்து இயந்திரம் ஓட்டினால், இடுக்குகள் வழியே மணல் குழம்பாகக் கக்கும். அந்த மணலை அள்ளிவிட்டு, மூடிவைத்த மணலைப் புதிதாக விரிக்க வேண்டும். இடுக்குகளை நிரப்பும் மணல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமானால் இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொண்டு உள்ளே இறங்காது.