சட்டி என்று பெயர் வாங்கிய நிலையம்



ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமாகிய வியன்னாவில் ஷாட்டன்டோர் என்று ஓர் நிலையம் உண்டு. 'டோர்' என்றால் வாயில். பழைய கோட்டை மதிலில் அங்கே ஒரு வாயில் இருந்தது. 'ஷாட்டன்' என்றால் ஸ்காட்லாந்துக்காரர். வேடிக்கை என்னவென்றால், 1155-இல் பக்கத்தில் மடம் அமைத்த துறவிகள் அயர்லாந்துக்காரர்கள்! அக்காலத்தில் அயர்லாந்தையும் லத்தீன் மொழியில் ஸ்கோஷியா என்றே அழைத்தார்கள். மதிலை இடிக்க 1857-இல் அரசர் ஆணையிட்டார். மதில் போயிற்று, பெயர் நின்றது.

டிராம் என்பது சாலையில் பதித்த தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் வண்டி. வியன்னா டிராமுக்கு ஓட்டுநர் இடம் ஒரு முனையில்தான். கதவுகளும் வலப்பக்கத்தில் மட்டுமே. கடைசி நிறுத்தத்தில் அப்படியே பின்னால் திரும்பிப் போக முடியாது, வட்டமடித்துத்தான் திரும்பவேண்டும். மோட்டார் வண்டிகள் நெருக்கும் சந்திப்பில் அதற்கு இடம் ஏது? அதனால் 1961-இல் இரண்டு அடுக்காக வட்டப்பாதை கட்டினார்கள். 43, 44-ஆம் எண் வண்டிகள் மேலே திரும்பும். 38-ஆம் எண்ணும் அதன் கூட்டாளிகளும் கீழே திரும்பும். கீழ்த்தளம் இருட்டறையன்று. நடுவே வானம் தெரியும்படி திறந்தே விட்டிருக்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் வாயகன்ற சட்டி போலிருக்கும். ஊரார் சும்மா இருப்பார்களா? அப்போது மேயராக இருந்தவர் ஃபிரான்ஸ் யோனாஸ். 'யோனாஸ் சட்டி' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இவர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பாளராக வேலை பார்த்தவர். 1965-இல் நாட்டின் அதிபரானார். 1974-இல் பதவியிலிருக்கும்போதே மறைந்தார்.

பாதாள ரயில் பிறகுதான் வந்தது. நகர மண்டபத்தை ஒட்டிய சாலைக்கடியில் 1966-இல் டிராமுக்காகவே ஒரு சுரங்கம் திறந்தார்கள். பின்னர் அதையே நீட்டித் திருத்தி, 1980-இல் யூ-2 என்னும் பாதாள ரயிலை ஓடவிட்டார்கள். தோண்டிய குழி வீண் போகவில்லை. ஷாட்டன்டோரும் அதில் ஒரு நிலையமாயிற்று.

நடப்பவரைப் படியிறக்கிவிட்டு மேல்சாலையை மோட்டாருக்குக் கொடுப்பது அந்தக் காலத்து எண்ணம். கைத்தடி ஊன்றும் மூதாட்டிக்கு அது நியாயமா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் டிராமிலிருந்து ரயிலுக்கு மாற அவர் அந்தப் பெரிய சாலையைக் கடக்க வேண்டியதில்லை. ஒரே பயணச்சீட்டு இரண்டுக்கும் போதும். ரிங் என்னும் வட்டச்சாலையின் டிராம்களோ இன்றும் மேலே, தரையில்தான் ஓடுகின்றன.

பெயர்ப்பலகையில் 'ஷாட்டன்டோர்' என்றே எழுதியிருக்கிறது. ஊர்வாயில் இன்னமும் சட்டிதான்.