நாற்பது கால் கொண்ட சில்லு



திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாஸ் அமைத்த சந்தை அது. அருகிலுள்ள வலியசாலையையும் அங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலையும் காட்டி, சோழர் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பார் உளர். அவ்வாராய்ச்சி நிற்க. மலையாளமும் தமிழும் ஒரே தராசில் நிறுக்கப்படும் தெரு இது என்பதற்கு மட்டும் நானே சாட்சி.

அத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் மின்னணுப் பொருள்களைப் பழுது பார்க்கும் சிறு கடை இருக்கிறது. உரிமையாளர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்; எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் வேலை பழகும் பையனுக்கு வயது பத்தொன்பது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். நானோ கலைப் பட்டதாரி. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். சென்ற ஆண்டு, சில்லு ஒன்றின் கால்களைப் பற்றிய பயிற்சிக் குறிப்பைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. என் தமிழ் விளங்குகிறதா என்று பார்க்க அதன் முதற்படியை அந்தப் பையனிடம் கொடுத்தேன். அதனால் நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன்.

சில்லு என்பது அகராதிச் சொல். கடையில் அதற்கு ஐ.சி. என்றே பெயர். அதன் இருபுறமும் நீண்டிருக்கும் உலோகத் துண்டுகளுக்கு 'இணைமுள்', 'முனை' என்றெல்லாம் நான் எழுதிப் பார்த்தேன். பையன் 'கால்' என்றான். கால் என்றே வைத்துக்கொண்டேன்.

குறிப்பில் கண்ட சில்லு, அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1982-ஆம் ஆண்டில் அறிவித்த டி.எம்.எஸ். 32010. ஒலி போன்ற அலைகளை எண்களாக்கி, அந்த எண்களை ஓயாமல் பெருக்கிக் கூட்டும் வேலைக்கென்றே பிறந்தது. அதன் வேகத்தைச் சொன்னால் வியப்பீர்கள். தொலைபேசியில் ஒருவர் குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்தெடுப்பது வழக்கம். இச்சில்லோ விநாடிக்கு 50 லட்சம் துடிப்புகளில் வேலை செய்வது. ஆகவே ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே 625 துடிப்புகள் அதன் கையில் இருக்கின்றன. இன்றைய சில்லுகளின் முன் இது முதியவர்தான். எனினும் கற்பதற்கு இதைப் போல் நல்லாசிரியர் கிடைப்பது அரிது, கால்கள் நாற்பதே.

அந்நாற்பதை எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. சில்லின் ஒரு முனையில் சிறு பள்ளம் இருக்கும். அது மேற்புறம் இருக்குமாறு பிடித்தால் இடப்பக்கத்து முதற்கால் ஒன்று. அங்கிருந்து கீழிறங்கி, வலப்பக்கமாக மேலேற வேண்டும். திருப்பி வைத்து மின்சாரம் கொடுத்தவர்கள் சில்லைச் சுட்ட வாசனையால் அறிவார்கள்.

பன்னிரண்டு கால்கள் முகவரி சொல்பவை. பன்னிரண்டு இரட்டை நிலைகளைக் கொண்டு 4,096 இடங்களைச் சுட்டலாம். பதினாறு கால்கள் சரக்கை, அதாவது எண்ணை, உள்ளும் புறமும் கொண்டு செல்பவை. சாலைத் தெருவில் அரிசி வண்டியும் வாழைக்காய் வண்டியும் ஒரே வழியில்தான் வந்தாக வேண்டும். இங்கும் கட்டளைகள் வருவதும், வெளிக்கருவியின் எண்கள் நுழைவதும், விடைகள் வெளியேறுவதும் அந்தப் பதினாறின் வழியேதான். மோதல் நேராதிருக்க மூன்று கால்கள் காவல் நிற்கின்றன. மென் என்பது நினைவகத்தைத் திறக்கும், டென் வெளிக்கருவியிடமிருந்து வாங்கும், டபிள்யூ. ஈ. எழுதி அனுப்பும். ஒரு நேரத்தில் ஒருவருக்கே முறை.

வெளியார் சில்லை அழைப்பதற்கு இரண்டு கால்கள் உள்ளன. 'இண்ட்' என்பது, கடை வாசலில் நின்று "அண்ணாச்சி!" என்று கூவும் வாடிக்கைக்காரர், கேட்க இசைந்திருந்தால், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சில்லு அவரைக் கவனிக்கும். 'பயோ' என்பது வாய் திறவாமல் நிற்பவர். சில்லு தானாக நிமிர்ந்து பார்த்தால்தான் அவர் இருப்பது தெரியும். இரண்டு கால்கள் கிரிஸ்டலுக்கு. ஒன்று துடிப்பை வெளியே அறிவிப்பதற்கு. ஒன்று, உள்ளேயே பொறித்த கட்டளைகளைப் படிப்பதா, எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்குவதா என்று தீர்மானிப்பதற்கு. மின்சாரத்துக்கு இரண்டு. எஞ்சியது ஒன்று: 'ஆர்.எஸ்.' சில்லை ஆதி நிலைக்குக் கொண்டுவரும் கால். இதில்தான் நான் தவறினேன்.

மூலத்தில் இக்காலின் பெயருக்கு மேல் ஒரு சிறு கோடு இருந்தது. காவல் கால்கள் மூன்றின் தலையிலும், அழைக்கும் கால்கள் இரண்டின் தலையிலும் அதே கோடு. அச்சின் அலங்காரம் என்று எண்ணி விட்டுவிட்டேன். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஆக்டிவ் லோ' என்றிருந்தது. அதை 'குறைந்த செயல்பாடு உடையது' என்று பெயர்த்தேன். இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாத தமிழ்தான்!

அந்நாளில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தின் பழைய போர்டு ஒன்று கடைக்கு வந்திருந்தது, அதே சில்லு. ஆர்.எஸ். காலுக்குச் செல்லும் கம்பித்தடம் அறுந்திருந்ததைப் பையன் கண்டான். என் தாளைப் பார்த்தான். குறைந்த செயல்பாடு உடைய கால்தானே என்று அதை அப்படியே விட்டு, மற்றவற்றுக்கு ஈயம் வைத்துக் கொடுத்துவிட்டான். போர்டு ஒரு நாள் ஓடும், மறுநாள் ஊமையாகும். இரண்டு முறை திரும்பி வந்தது. அண்ணாச்சி அவன் கூலியில் இரண்டு நாளைப் பிடித்துவிட்டதாகச் சொன்னபோது நான் அங்கே நின்றிருந்தேன்.

"சார் எழுதினதுல இப்படித்தான் இருக்கு, அண்ணாச்சி" என்றான் பையன், மெல்ல.

அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மீட்டரின் முள்முனையை அந்தக் காலில் வைத்துக் காட்டினார். ஐந்து வோல்ட் அளவில் நிற்கும்போது இக்கால் சும்மா இருக்கிறது. பூஜ்யத்துக்கு இறங்கும்போதுதான் வேலை செய்கிறது. பெயர் மேலுள்ள கோட்டின் பொருளும் அதுவே. ஐந்து துடிப்பு நேரம், அதாவது ஒரு மைக்ரோ விநாடியாவது, தாழ்த்திப் பிடித்து விட்டால் சில்லு பூஜ்யமாம் முகவரியிலிருந்து ஒழுங்காகத் தொடங்கும். எங்கும் கட்டாமல் அந்தரத்தில் விட்டால் அதன் மின்னிலை காற்றுக்கு ஆடும் கதவு போல் ஆடும். ஐந்து வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டரும் தரையிலிருந்து ஒரு கண்டென்சரும் அக்காலில் வந்து சேரவேண்டும். மின்சாரம் வந்ததும் கண்டென்சர் நிரம்பும் வரை கால் தாழ்ந்து நிற்கும். பின் தானே உயரும். தடத்தை ஒட்ட ஐந்து நிமிஷம் போதியதாயிற்று.

இதே ஊரில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் விக்ரம் 1601 என்னும் சில்லு 2009 முதல் ராக்கெட்டுகளில் பறந்தது; அதன் வழிவந்த 32 பிட் விக்ரம் 3201-ஐ 2025-ஆம் ஆண்டில் நாடே கண்டது. அத்தகைய இடங்களில் ஒரு கோட்டை விடுபவனுக்கு என்ன நேரும் என்று நினைக்கவே நடுங்கினேன். எனக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை. நேர்ந்தது பையனுக்கு.

பிடித்த கூலியை அண்ணாச்சி அன்று மாலையே கொடுத்துவிட்டார். நான் கொடுக்க முன்வந்தபோது வாங்க மறுத்தார். தாளில் அந்த வரியை அடித்து, 'தாழ்நிலையில் இயங்குவது' என்று எழுதினேன். பையன் படித்துப் பார்த்து, "கீழே இழுத்தால் வேலை செய்யும்னு போடுங்க, சார்" என்றான். இரண்டையும் போட்டேன். அலுவலகத்துக்குச் சென்ற படியில், ஆறு பெயர்களின் தலையிலும் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் கோடு இழுத்தேன்.