காதுக்குள்ள ஒரு விசில்

மூணு வருஷம் முன்னாடி அக்கா ரிசப்ஷன்ல, ஸ்பீக்கர் பக்கத்துலயே ரெண்டு மணி நேரம் ஆடினேன். அன்னைக்கு ராத்திரி இடது காதுல ஆரம்பிச்ச 'ங்ஙீ' சத்தம் இன்னும் நிக்கல. இதுக்குப் பேர் டினிடஸ்.

பயந்துபோய் இயர்பிளக்கை நாள் முழுக்க மாட்டிக்கிட்டேன், ஆபீஸ்லகூட. கொஞ்ச நாள்ல 'ங்ஙீ' இன்னும் பெருசாச்சு, டம்ளர் வைக்கிற சத்தமே குத்துச்சு. வெளிச்சத்தம் குறைஞ்சா மூளை தன் வால்யூமைக் கூட்டிக்குமாம், டாக்டர் திட்டினார். கெயின் ஏத்தினா நாய்ஸும் ஏறும்னு இன்ஜினியரிங் படிச்ச எனக்குத் தெரிஞ்சிருக்கணும்!

வேலையிடங்களுக்கான ஒரு கணக்கு இருக்கு: 85 டெசிபல்னா 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். உள்காதுல செத்த முடிச்செல்கள் திரும்ப முளைக்காது.

அதனால செண்டை மேளம், டிஜேன்னா பிளக் போடுறேன். பஞ்சு வேலைக்கு ஆகாது. வீட்டுக்கு வந்ததும் கழட்டிடுவேன். ராத்திரி ஃபேன் சத்தம்தான் துணை.

போன மாசம் கசின் கல்யாணத்துல கடைசி வரிசையில நின்னு ஆடினேன். "காதுல என்னடா?"ன்னு பெரியம்மா கேட்டாங்க. சொன்னேன். அவங்களும் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கிட்டாங்க.